தரைவிரிப்பில் கறை படாமல் வந்த ரத்தம்

உங்கள் கேள்வி நீளமானது. ஆனால் கேட்க வந்தது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. புயேந்தியா குடும்பத்தின் பல தலைமுறைக் கதையான, கப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலை ஒரு மாதம் பிடித்துப் படித்து முடித்திருக்கிறீர்கள். பேய், பறக்கும் பெண், பூமழை எதையும் நம்புகிற ஆள் இல்லை நீங்கள். யார் யாருடைய மகன் என்பதே பாதி நேரம் பிடிபடவில்லை. கர்னல் அவுரேலியானோ புயேந்தியாவின் பிள்ளைகள் ஒவ்வொருவராக வேட்டையாடப்படும் இடத்தைக் காபி குடித்துக்கொண்டே கடந்துவிட்டீர்கள். ஆனால் அதே கர்னல், கிழவராகி, மரத்தடியில் நின்றபடி செத்துப்போகும் இடத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதிருக்கிறீர்கள். நம்பாத கதைக்கு எப்படி அழுகை வரும், இது எழுத்தாளரின் வித்தையா, இல்லை எனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். கடைசியில் அம்மாவுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா என்று ஒரு வரி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் இந்த நாவலை முதுகலை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு. நான் நடத்தியது கிரெகரி ரபாஸாவின் 1970ஆம் வருட ஆங்கில மொழிபெயர்ப்பை. பிறகு சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் தமிழில் கொண்டுவந்து காலச்சுவடு வெளியிட்டதும் அதையும் படித்தேன். ஸ்பானிய மூலத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆகவே வாக்கியத்தின் ஓசை பற்றி நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். நாவலுக்குள் என்ன நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஆசிரியர் பேட்டிகளில் சொன்னதைச் சொல்வேன். அவர் ஒரே சம்பவத்தை ஊருக்கு ஒரு விதமாகச் சொன்ன மனிதர் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏன் அழுதீர்கள் என்பது மட்டும் என் ஊகம்.

முதலில் ‘நம்பாத கதை’ என்கிறீர்களே, அதை எடுத்துக்கொள்வோம். மார்க்வெஸ் 1927இல் கொலம்பியாவின் கரீபியக் கரைப்பகுதியில் அரகதாகா என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். தாத்தா ஒரு கர்னல், ‘ஆயிரம் நாள் போர்’ என்று அங்கே சொல்லப்படுகிற 1899-1902 உள்நாட்டுப் போரில் தாராளவாதிகள் பக்கம் நின்றவர். பாட்டி திரான்கிலீனா, செத்தவர்களோடு சகஜமாகப் பேசிக்கொண்டே வீட்டுவேலை பார்க்கிறவர். இந்த நாவலைப் பல வருடம் எழுதப் பார்த்தும் வரவில்லை. தான் எழுதுவதைத் தானே நம்பாததுதான் காரணம் என்று மார்க்வெஸ் பின்னால் சொன்னார். பாட்டி கதை சொல்லும்போது முகம் மாறாது. எவ்வளவு பெரிய அதிசயத்தையும், கொடியில் துணி காய்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொல்வார். அந்த முகத்தோடு எழுதலாம் என்று பிடிபட்டதும் 1965இல் மெக்ஸிகோ நகரத்தில் உட்கார்ந்து, பதினெட்டு மாதத்தில் எழுதி முடித்தார். 1967இல் புவெனஸ் அயர்ஸில் முதல் பதிப்பு வந்தது, எட்டாயிரம் பிரதிகள்.

அந்தப் பாட்டி நமக்குப் புதியவர் இல்லை. தாத்தா செத்து ஐந்து வருடம் ஆகியிருக்கும். பாட்டி அரிசி புடைத்துக்கொண்டே, “நேத்து ராத்திரி உங்க தாத்தா வந்து திண்ணையில உட்கார்ந்திருந்தார், ஒண்ணும் பேசல” என்பாள். சொல்லிவிட்டுக் கல்லைப் பொறுக்கிப் போடுவாள். நீ இதை நம்புகிறாயா என்று அவள் கேட்கவில்லை. அதனால் நம்புவதா வேண்டாமா என்ற பேச்சே அங்கே எழாது. தாத்தா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் நம் மனதில் தங்கும். நாவலும் உங்களிடம் நம்பிக்கையைக் கேட்கவே இல்லை. நீங்கள் காவல் நின்றது ஒரு வாசலில், அது உள்ளே வந்தது வேறு வழியில்.

ஆனால் குரல் மட்டும் போதாது. இதே குரலைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்க எவ்வளவோ பேர் எழுதிப் பார்த்துவிட்டார்கள், தமிழிலும்தான். பெரும்பாலும் வேடிக்கையோடு நின்றுவிடுகிறது. மீன் வானத்தில் நீந்தும், பாட்டி பல்லியாவாள், சரி, அப்புறம்? மார்க்வெஸிடம் மாயம் எங்கே வருகிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். அந்த வீட்டு மனிதர்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று இருக்கும் இடமாகப் பார்த்து அது வருகிறது.

ரத்தம் ஓடி வரும் இடத்தைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். புயேந்தியா வீட்டு மூத்த மகன், கர்னலின் அண்ணன் ஹோசே அர்க்காதியோ தன் வீட்டுப் படுக்கையறையில் குண்டடிபட்டுச் சாகிறான். ரத்தம் ஒரு கோடாகக் கதவுக்கு அடியில் புறப்பட்டு, தெருவில் இறங்கி, படி ஏறி இறங்கி, துருக்கியர் தெரு வழியாகப் போய், வலம் இடம் திரும்பி, புயேந்தியா வீட்டுக்குள் நுழைகிறது. கூடத்தில் தரைவிரிப்பில் கறை பட்டுவிடக் கூடாது என்று சுவரை ஒட்டியே போகிறது. சாப்பாட்டு மேஜையை ஒரு சுற்று சுற்றி விலகுகிறது. கணக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் தங்கை அமராந்தாவின் நாற்காலிக்கு அடியில் அவளுக்குத் தெரியாமல் போய், கடைசியில் சமையற்கட்டில் நிற்கிறது. அங்கே அம்மா உர்சுலா ரொட்டிக்காக முப்பத்தாறு முட்டை உடைக்கத் தயாராக நிற்கிறாள்.

வகுப்பில் இந்த இடத்தை வாசித்தால் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்த மகனுக்கும் அம்மாவுக்கும் கடைசியாக என்ன நடந்தது? நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்காது. சில பத்துப் பக்கங்களுக்கு முன்னால், அந்த வீட்டிலேயே வளர்ப்புத் தங்கையாக இருந்த ரெபேக்காவை அவன் கல்யாணம் செய்துகொள்கிறான். மாதா கோயிலிலிருந்து திரும்பும்போதே இனி இந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று உர்சுலா சொல்லிவிடுகிறாள். அவளைப் பொறுத்தவரை இருவரும் செத்த கணக்கு. பிறகு அவன் அந்த வீட்டுக்குள் வருவது இந்த ரத்தமாகத்தான். அடங்காப்பிடாரியாக உலகம் சுற்றி, உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு திரும்பி வந்த ஆள், தடுக்கப்பட்ட வீட்டுக்குள் அம்மாவின் விரிப்பில் கறை படாமல் பார்த்துப் பார்த்து வருகிறான். உர்சுலா ஒரு அலறலோடு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்த வழியில் திரும்பி நடந்து, தான் ஒருநாளும் காலெடுத்து வைக்காத மகன் வீட்டுக்குள் போகிறாள். இருவரும் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. ஆசிரியரும் எடுக்கவில்லை. முட்டை முப்பத்தாறு என்று எண்ணிச் சொல்கிறார், அவ்வளவுதான். யதார்த்த நாவலாக இருந்தால் சாவுச் செய்தி வந்திருக்கும், அம்மா ஓடியிருப்பாள், ஒரு பக்க ஒப்பாரி இருந்திருக்கும். நாம் அதைக் கேட்டுப் பழகியவர்கள், சுலபமாகத் தாண்டியிருப்போம்.

இது என் வாசிப்பு. ஆசிரியர் இப்படி விளக்கம் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விரிப்பும் தடையும் நாவலில் இருக்கின்றன. இரண்டையும் முடிச்சுப் போட்டது நான்.

இப்போது உங்கள் கர்னல். முப்பத்திரண்டு கலகம் நடத்தி முப்பத்திரண்டிலும் தோற்றவர். வயதான காலத்தில் தங்க மீன் செய்கிறார். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் உருக்கி, மறுபடி முதலிலிருந்து செய்கிறார். கடைசி நாளன்று தெருவில் சர்க்கஸ் ஊர்வலம் போகிறது. யானை மேல் தங்க உடை போட்ட பெண், சோகமாக நடக்கும் ஒட்டகம், கரண்டியும் சட்டியுமாகத் தாளம் போடும் கரடி. பார்த்துவிட்டு, எல்லாம் போனபின் வெறிச்சென்று கிடக்கும் தெருவையும் பார்த்துவிட்டு, பழக்கப்படி ஒன்றுக்குப் போக மரத்தடிக்கு வருகிறார். சர்க்கஸை நினைத்துக்கொண்டே இருக்கப் பார்க்கிறார், நினைவு கிடைக்கவில்லை. கோழிக்குஞ்சு மாதிரி தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, நெற்றியை மரத்தில் சாய்த்தபடி அப்படியே நின்றுவிடுகிறார். மறுநாள் பதினோரு மணிக்குக் குப்பை கொட்ட வந்தவள், கழுகுகள் இறங்குவதைப் பார்த்துத்தான் வீட்டுக்குத் தெரிகிறது.

இதில் மாயமே இல்லையே என்பீர்கள். இருக்கிறது, சில பக்கம் முன்னால். அந்த மரம் வெறும் மரம் இல்லை. அவருடைய அப்பா, ஊரை உண்டாக்கிய முதல் ஹோசே அர்க்காதியோ புயேந்தியா, புத்தி பேதலித்துக் கட்டிப்போடப்பட்டிருந்த செஸ்ட்நட் மரம். செத்தபிறகும் அவர் ஆவி அங்கேதான் இருக்கிறது. உர்சுலா அதனோடு பேசுவாள், மகன் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று அதிகாலை கர்னல் முதல் தடவை வந்து ஒன்றுக்கு இருக்கும்போது, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் செருப்பில் தெறிக்கிறது. அவர் திடுக்கிட்டு விழித்து மகனிடம் ஏதோ சொல்கிறார். மகன் காதில் அது விழவில்லை, விழுந்தாலும் விளங்கியிருக்காது. வாய்விட்டுச் சிரிக்கவைக்கிற வரி. பஸ்ஸில் நீங்களும் சிரித்திருப்பீர்கள். அதே மரத்தில் நெற்றியைச் சாய்த்து அவர் சாகும்போது, தான் எதன் மேல் சாய்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இந்தச் சாவை எழுதிவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்து அழுததாக மார்க்வெஸ் சொல்லியிருக்கிறார். முகத்தைப் பார்த்ததுமே மனைவி மெர்சேதெஸுக்குக் கர்னல் செத்துவிட்டார் என்று விளங்கிவிட்டதாம். கொஞ்சம் ஜோடித்த கதையாக இருக்கலாம். எனக்கு அதை நம்பத்தான் விருப்பம்.

அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும் என்றேனே, அதுதான் என் பதிலின் முழு எடையும் நிற்கும் இடம். மாயத்தைவிடக் குடும்பக்கதை என்ற வடிவம்தான் இங்கே அதிக வேலை செய்கிறது. அந்த வீடு ஆறேழு தலைமுறையாக மறந்துகொண்டே இருக்கிறது. தொடக்கத்திலேயே ஊருக்குத் தூக்கமின்மை நோய் வந்து, பொருள்களின் பெயர் மறந்துபோய், பசுவின் கழுத்தில் இது பசு, காலையில் கறக்க வேண்டும் என்று சீட்டு மாட்டுகிறார்கள். அங்கேயே ஆசிரியர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நாம் அதை வேடிக்கை என்று படித்துவிட்டோம். பிறகு, நாட்டையே நடுங்கவைத்த கர்னலைப் பேரன் பிள்ளைகள் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. கடைசி அவுரேலியானோ பாதிரியாரிடம் போய்த் தன் பூர்வீகம் கேட்கிறான். அந்தப் பெயரில் முன்பு இங்கே ஒரு தெரு இருந்தது, அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குத் தெருப்பெயர் வைப்பார்கள் என்கிறார் அவர். முப்பத்திரண்டு போரும் ஒரு தெருப்பெயராகச் சுருங்கிப்போன அந்த இடத்தில் கத்த வேண்டும் போலிருக்கும். ஏனென்றால் தூங்கும் ஆவியின் செருப்பு வரை உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தின் ஞாபகம் முழுவதும் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. செத்தவர்களை நினைக்க அங்கே வேறு ஆள் இல்லை என்றால், துக்கம் யாருக்கு?

பெயர்க் குழப்பம் பற்றிப் புலம்பியிருந்தீர்கள். அவுரேலியானோ, அர்க்காதியோ என்று மாறிமாறி வருவதைக் குறையாகப் பார்க்காதீர்கள். நமக்கு இது விளங்காமல் போனால் யாருக்கு விளங்கும்? பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். எங்கள் வீட்டில் என் அண்ணனுக்குத் தாத்தா பெயர். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று அம்மா அவனைக் கடைசிவரை ‘பெரியவனே’ என்றுதான் கூப்பிட்டாள். அவன் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால், தாத்தா எழுந்த மாதிரியே இருக்கிறது என்று அத்தை முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். உர்சுலாவும் அப்படித்தான், ஒரு கொள்ளுப்பேரன் பேசுகிற பேச்சைக் கேட்டு, காலம் போகவே இல்லை, சுற்றிக்கொண்டிருக்கிறது என்று உறைந்துபோகிறாள். நீங்கள் குழம்பியபோது அவளுடைய நிலைமையில்தான் இருந்தீர்கள். பல பதிப்புகளில் முன்னால் வம்சாவளிப் படம் ஒன்று போட்டிருப்பார்கள். அடுத்த தடவை அதைப் பார்க்காமல் படியுங்கள்.

அந்த மறதி வீட்டோடு நிற்கவில்லை. 1928 டிசம்பரில் சியேனகா என்ற ஊரில், அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவம் சுட்டது. இது வரலாறு. மார்க்வெஸுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. நாவலில் மூவாயிரம். ஒரு நீளமான ரயிலை நிரப்பும் அளவுக்குப் பிணம் வேண்டியிருந்தது, அதனால் அந்த எண் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே மூவாயிரத்தைச் சரித்திரமாக யாரிடமும் சொல்லாதீர்கள். நாவலில் தப்பி வந்தவன் கதவைத் தட்டிச் சொன்னால், இங்கே யாரும் சாகவில்லை என்கிறாள் ஒரு பெண். பிறகு நாலு வருடம் பதினோரு மாதம் இரண்டு நாள் மழை. நீங்கள் இந்த இடத்திலும் அழவில்லை என்கிறீர்கள். எனக்கும் இங்கே அழுகை வராது, தொண்டை அடைக்கும். அது வேறு.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்தன் ஆகிவிடுவேன். இந்த முகம் மாறாத குரலுக்கு ஒரு ஆபத்து உண்டு. எதையும் அதிசயப்படாமல் சொல்கிற குரல், அதிர்ச்சி அடைய வேண்டிய இடத்தையும் அப்படியே வழித்துக்கொண்டு போய்விடும். கர்னல் மணமுடிக்கும் ரெமெதியோஸ் மொஸ்கோத்தே, அவர் பார்த்து ஆசைப்படும்போது ஒன்பது வயதுக் குழந்தை. இன்னும் படுக்கையை நனைக்கிறவள். பொம்மைப் பருவம் தாண்டாமல் கர்ப்பமாகிச் சாகிறாள். நாவல் அவளை அன்போடுதான் நினைக்கிறது. ஆனால் அவளுக்கு நடந்ததை மழை பெய்ததைப் போலச் சொல்லிக் கடந்துவிடுகிறது. கடைசிப் பத்து வருடத்தில் என் மாணவிகள் இதைக் கேட்கத் தொடங்கினார்கள். முதலில் ‘அந்தக் காலம்’ என்று மழுப்பினேன். பிறகு மழுப்புவதை விட்டுவிட்டேன். கர்னலுக்காக அழவைக்கும் கருவியும் ரெமெதியோஸைத் தாண்டவைக்கும் கருவியும் ஒன்றுதான்.

இனி, எனக்குச் சந்தேகமாக இருப்பவை. மாயத்தை அன்றாட நடப்போடு இயல்பாகக் கலந்து சொல்லும் இந்த எழுத்துமுறைக்கு மாந்திரீக யதார்த்தம் என்று பெயர், அதைப் பற்றி நிறையக் கோட்பாடு படித்திருக்கிறேன். 1925இல் ஃப்ரான்ஸ் ரோ என்ற ஜெர்மானியர் ஓவியத்துக்காகச் சொன்ன சொல் அது, இலக்கியத்துக்குப் பிறகு வந்தது. அதைத் தெரிந்துகொள்வதால் உங்கள் அழுகைக்கு விளக்கம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. பாட்டி கதை கேட்டு வளர்ந்த நாம்தான் இதை நன்றாக உணர்வோம் என்று மேடைகளில் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நாட்டுக்கதைக்கு நடுவே வளர்ந்த ஒரு மாணவன் ஐம்பது பக்கத்தில் மூடி வைத்துவிட்டான். பாட்டியையே பார்த்திராத, விடுதியில் வளர்ந்த ஒரு பெண் விடுமுறைக்கு விடுமுறை திரும்பப் படித்தாள். ஆகவே அந்தப் பேச்சை இப்போது அளவோடுதான் பேசுகிறேன். பஸ்ஸில் அழுததில் நாவலின் பங்கு எவ்வளவு, உங்கள் வீட்டில் யாரோ ஒருவருடைய பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கேள்வியின் நடுவில், தாத்தா செத்தபோதுகூட அழவில்லை என்று ஒரு வரி எழுதி, அதை விளக்காமல் விட்டிருக்கிறீர்கள். அதை நான் தொடவில்லை.

முடிவைப் பற்றி ஒரு சின்ன விஷயம், நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. நாடோடி மெல்கியாதெஸ் எழுதி வைத்த தோல் சுவடிகளின் எழுத்து, கொடியில் காயப்போட்ட துணிகளைப் போல இருக்கிறது என்று ஓரிடத்தில் வரும். பின்னால்தான் அது சமஸ்கிருதம் என்று தெரியும். மேலே கோடு இழுத்து அதிலிருந்து தொங்கும் நாகரி எழுத்தைப் பார்த்த எவருக்கும் அந்த உவமை சட்டென்று விளங்கும். கடைசி அவுரேலியானோ அந்த எழுத்தைப் படிக்கப் படிக்க, தன் குடும்பத்தின் கதையைத் தெரிந்துகொள்கிறான், தான் காதலித்தது தன் சித்தியை என்பது உட்பட. காற்று வீட்டைப் பெயர்க்கிறது, அவன் பக்கங்களைத் தள்ளித் தள்ளி வேகமாகப் படிக்கிறான். நீங்களும் அப்போது கையில் கடைசிப் பக்கத்தோடு அதையேதான் செய்துகொண்டிருப்பீர்கள். முதல் வாசிப்பில் அந்த இடத்தில் அழுகை வராது, நேரம் இருக்காது. இரண்டாம் வாசிப்பில் எனக்கு முதல் அத்தியாயத்திலேயே வந்தது, கூடாரத்துக்குள் அப்பா இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பனிக்கட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிற இடத்தில்.

அம்மாவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். தொடர்கதைதான் படிப்பார் என்று நீங்கள் தயங்குவது சரியில்லை. ஐந்து வருடத் தொடர்கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்று ஞாபகம் வைத்தவருக்கு இந்த வீடு பெரிய விஷயமில்லை. சில படுக்கையறைச் சங்கதிகள் வரும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுத்து பொடியாக இருக்கிறது என்றால் முதல் அத்தியாயத்தை நீங்களே படித்துக் காட்டலாம். பனிக்கட்டியோடு அது முடிகிறது, நிதானமாகப் படித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆகிவிடும்.